செவ்வாய்க்கிழமைத் தட்டுகள்

“மோசடின்னே எழுதுங்க சார். பூசி மெழுகினா அந்தக் கடைக்காரர் காதுல ஏறாது” என்றார் டிரைவர், பிசுக்குப் பிடித்த தட்டைச் செயலாளரின் மூக்குக்கு நேராக நீட்டி.

அந்தக் கட்டடத்தில் ஏழு குடும்பங்களுக்கும் ஒரே பொதுச் சமையலறை. பாத்திரம் கழுவ வீட்டுக்கு ஒரு நாள் முறை. தேய்த்துத் தேய்த்துக் கை காய்த்துப்போய், பாத்திரம் கழுவும் மிஷின் வாங்குவது என்று முடிவானது. தேர்ந்தெடுக்கும் பொறுப்பைச் சமையலறைச் செயலாளர் தன் தலையில் போட்டுக்கொண்டார். கோடு போட்டுக் கட்டம் கட்டாமல் கத்தரிக்காய்கூட வாங்காத மனிதர். இரண்டு கடைகளிலிருந்து தலா ஒரு மிஷினைச் சோதனைக்கு வரவழைத்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம். தினமும் மார்க் போட ஒரு நோட்டு.

முதல் மிஷினை இறக்கிவிட்டுப் போனவர் அப்புறம் எட்டிப் பார்க்கவில்லை. அதுவும் ஏதோ கழுவியது, சராசரி அறுபது. இரண்டாவது கடைக்காரர் தினமும் வந்து, அடுக்கிய தட்டுகளைக் குனிந்து பார்த்து, தானே பொத்தானை அழுத்தினார். சராசரி தொண்ணூற்றெட்டு.

“நோட்டு பொய் சொல்லாது. தப்பாப் போனா இந்தப் பதவியே எனக்கு வேண்டாம்” என்று அடித்துச் சொல்லி அதையே வாங்க வைத்தார்.

வாங்கிய நாள் முதல் எண்ணெய்ப் பிசுக்கு போகவே இல்லை. திருப்பிக் கொடுக்க இன்றுதான் கடைசி நாள்.

பெறுநர், பொருள் எல்லாம் முறைப்படி எழுதிவிட்டுச் செயலாளர் படித்தார்: “சோதனைக்கு ஒரு மிஷினையும், விற்பனைக்கு வேறொரு மிஷினையும் கொடுத்து மோசடி...”

“அந்த வரி மட்டும் வேண்டாம் சார், பாவம்” என்றாள் தையல்கார அக்கா.

“ஏம்மா?”

“வெள்ளிக்கிழமை என் முறை. வெளி மனுஷர் குனிஞ்சு பார்ப்பாரு, எச்சில் தட்டை எப்படிக் காட்டுறது? கழுவித்தான் உள்ளே வெச்சேன். ஏழுல ஒரு நாள்தானேன்னு இருந்துட்டேன்.”

டிரைவர் தட்டை மெதுவாக மேசையில் வைத்தார். “ஞாயித்துக்கிழமை நானும்தான்க்கா. ‘மானத்தை வாங்காதீங்க’ன்னு வீட்ல சொன்னாங்க.”

செயலாளரின் பேனா நின்றது. அக்கா மற்ற வீடுகளின் கதவைத் தட்டிக் கேட்டுவிட்டு வந்தாள். விரல் விட்டு எண்ணினால் ஆறு வீட்டிலும் அதே கதை.

“அப்போ செவ்வாய்க்கிழமை ஒண்ணுதான் மிஷின் நிஜமாக் கழுவினது. அன்னைக்கு உங்க முறை. எவ்வளவு போட்டிருக்கீங்க சார்?” என்றாள் அக்கா.

நோட்டைப் புரட்டினார். அவருடைய முத்து முத்தான கையெழுத்தில் இருந்தது: ‘நூறு. புதுத் தட்டோ என ஐயம்.’

“அப்போ நல்ல மிஷின்தானே?” என்றார் டிரைவர், குழம்பிப்போய்.

செயலாளர் மறுபடி பேனாவை எடுத்தார். பெறுநர் என்ற இடத்தில் ‘கடை மேலாளர் அவர்கள்’ என்பதை ஸ்கேல் வைத்து அடித்துவிட்டு, ‘பொதுச் சமையலறைச் செயலாளர் அவர்கள்’ என்று எழுதினார்.

அந்தச் செவ்வாயன்று அவர் தட்டுகளை இரண்டு தடவை தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகுதான் மிஷினுக்குள் அடுக்கியிருந்தார்.