முப்பதாம் நாள் பிறசர்

"அப்பா, கதைக்காதேங்கோ. கதைச்சால் பிறசர் கூடும்."

அருளானந்தன் வாயை இறுக மூடிக்கொண்டார். மூச்சைக்கூட அளவாகத்தான் விட்டார். இன்று கடைசி நாள். மகள் மேரினின் எதிர்காலமே தன் இடது கையில்தான் இருக்கிறது என்பது அவருடைய எண்ணம்.

மேரின் ஒஸ்லோவில் ஒரு சின்னக் கல்லூரியில் உயிரியல் படிக்கிறாள். அங்கே நல்ல புள்ளி எடுத்தால்தான் மருத்துவப் படிப்புக்கு இடம். போன மாதம் அவள் ஒரு 'ஒப்காவ' கொண்டு வந்தாள். ஒப்காவ என்றால் கல்லூரியில் செய்யச் சொல்லிக் கொடுக்கிற வேலை. வீட்டில் ஒருவருக்கு முப்பது நாள் இரத்த அழுத்தம் பார்த்து எழுத வேண்டும். சாப்பாட்டாலும் நடையாலும் மட்டுமே அதைக் குறைத்துக் காட்ட வேண்டும்.

"அம்மாவுக்குப் பாரன் பிள்ளை," என்றார் அப்போது.

"அம்மாவுக்குச் சரியாத்தானே இருக்கு. இறக்கிக் காட்டினால்தான் அப்பா புள்ளி."

முதல் நாள் கருவி நூற்றெழுபத்திரண்டு காட்டியது. மேரினின் முகம் கறுத்துவிட்டது. புள்ளிக் கவலை, பாவம் பிள்ளை என்று இவருக்கு மனம் உருகியது.

அன்றோடு கருவாடு போனது, மோர்மிளகாய் போனது. 'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்று மனைவி யோசெப்பினுக்கு இருபது வருடமாகப் பாடம் நடத்தியவர், உப்பில்லாத குழம்பை மறுபேச்சில்லாமல் விழுங்கினார். பக்கத்து ஊரான லோறென்ஸ்கூக்கில் பொதி பிரிக்கும் வேலை முடிந்து வரும்போது, மூன்று தரிப்பிடம் முன்னதாகவே பஸ்ஸை விட்டு இறங்கிப் பனியில் நடந்தார். தன் உடம்புக்காக ஒரு படி ஏறாத மனிதர், மகளின் புள்ளிக்காக மலையே ஏறுவார் போலிருந்தது.

இருந்தும் பதினைந்தாம் நாள் நூற்றறுபதுக்குக் கீழே இறங்கவில்லை. குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த தாயிடம் மேரின் அழுவது அவருக்குக் கேட்டது. அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இப்போது கருவி ஒருமுறை கீச்சிட்டு ஓய்ந்தது.

"நூற்றிருபத்தெட்டு!" மேரின் துள்ளினாள். "அப்பா, நீங்கள் பெரிய ஆள்!" கொப்பியை இழுத்துப் பேனாவைத் திறந்தாள்.

"பிள்ளை, அதை எழுதாதை."

"ஏனப்பா?"

அருளானந்தன் தலையைக் குனிந்துகொண்டார். டிக்கெட் எடுக்காமல் ஒரு தரிப்பிடம்கூட ரெயிலில் போயறியாதவர் அவர்.

"நான் களவு செய்திட்டன். அண்டைக்கு நீ அழுதது கேட்டது. பொறுக்கேலாமல் அடுத்த நாளே டொக்டரிட்டைப் போனனான். ரத்தமெல்லாம் எடுத்துப் பாத்திட்டுக் குளிசை தந்தவர். ரெண்டு கிழமையா ஒளிச்சு ஒளிச்சுப் போடுறன். இது நடையாலை இறங்கினதில்லை, குளிசையாலை இறங்கினது."

மேரின் பேனாவைக் கீழே வைத்தாள். கண்கள் நிறைந்துவிட்டன. அருளானந்தன் பதறிப்போனார்.

"ஐயோ, அழாதை பிள்ளை! நான் வந்து உங்கட ஆசிரியரிட்டைச் சொல்லுறன், பிழை என்னிலைதான், பிள்ளையிலை இல்லை எண்டு. இன்னொரு முப்பது நாள் வேணுமெண்டாலும் உப்பில்லாமல் தின்னுறன். உனக்கு மட்டும் புள்ளி குறையக்கூடாது."

கையில் சுற்றிய பட்டியைக்கூடக் கழற்றாமல், மேரின் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அழுகையும் சிரிப்புமாகக் குசினிப் பக்கம் திரும்பிக் கத்தினாள்.

"அம்மா, ஓடி வாங்கோ! பத்து வருசமா நீங்கள் கெஞ்சியும் போகாத மனுசன் தானாவே டொக்டரிட்டைப் போயிருக்கிறார். நாங்கள் ரெண்டு பேரும் சோடிச்ச பொய் ஒப்காவ இனிக் குப்பையிலே!"