தேறாத பெட்டி

“அண்ணே, இதுல மட்டும் பேட்டரி இருந்திருந்தா இந்நேரம் உங்க மீசை காணாம போயிருக்கும்!”

லோராபெல் மீட்டரைத் திருப்பிக் காட்டினாள். சுத்தமாகப் பூஜ்யம்; ஷார்ட் சர்க்யூட். பெட்டிக்குள் சுருட்டிய கம்பியின் ஒரு கால் அதன் உலோகச் சுவரில் சாய்ந்து நின்றது.

கிறிசாந்தோ கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். “அட, ஆமா டீச்சரம்மா. முட்டிக்கிட்டுத்தான் இருக்கு” என்றார், யாரோ செய்த தப்பைப் பார்ப்பவர் போல.

பிலிப்பைன்ஸின் மண்டாவே சந்தைக்குப் பின்னால், கையை நீட்டினால் இரண்டு பக்கச் சுவரும் இடிக்கிற சின்னக் கடை அது. லோராபெல் அங்கே மின்சிகரெட் சாமான்கள் விற்றாள். சிகரெட்டுக்குப் பதில் ஆவி இழுக்கிற பெட்டியைச் சொந்தமாகச் செய்துகொள்ள ஆசைப்படுகிறவர்களுக்குச் சனிக்கிழமை மாலையில் சொல்லியும் கொடுத்தாள். ஒரே ஒரு கண்டிப்பு. பெட்டி மூன்று முறை மீட்டரில் தேறினால்தான் பேட்டரி கைக்கு வரும். அதுவரை அது அவள் மேசை இழுப்பறையில் பூட்டிக் கிடக்கும். இதுவரை ஒருவர் உதடும் சுட்டதில்லை என்பதில் அவளுக்கு ரொம்பப் பெருமை.

மற்றவர்கள் இரண்டு வாரத்தில் தேறிவிடுவார்கள். இறால் விற்கிற ஒருவர் ஒரே வாரத்தில் தேறினார். இவருக்கு இது எட்டாவது சனிக்கிழமை. முதல் வாரம் பேட்டரி சூடானால் காற்றுப் போகத் துளை போட மறந்தார். அடுத்த வாரம் பியூஸ் இல்லை. அதற்கடுத்த வாரம் வயரையே மாற்றிக் கொடுத்திருந்தார்.

“சிவப்பு, கறுப்பு. ரெண்டே ரெண்டு கலருண்ணே! இதுலகூடவா குழப்பம்?”

“வயசாகுதுல்லம்மா.”

கப்பல் கட்டும் இடத்தில் வேலை என்று முதல் நாளே சொல்லியிருந்தார். பெயிண்ட் அடிக்கிறவராக இருக்கும் என்று அவளே முடிவு செய்துகொண்டாள். இத்தனைக்கும் கடைக்கு ராசியான மனிதர். அவர் வந்துபோகத் தொடங்கிய பிறகு, தொட்டால் பொறி தட்டுகிற வாசல் சுவிட்ச்கூடத் தானாக அடங்கிவிட்டது.

அவர் வந்த காரணமும் அவளுக்குத் தெரியும். பேரன் பிறந்திருந்தான். நாற்பது வருடச் சிகரெட் நாற்றத்தோடு பிள்ளையைத் தொடவே கூடாது என்று மகள் சொல்லிவிட்டாள்.

“ஞானஸ்நானத்துக்கு ஏழு வாரம் இருக்கும்மா” என்றார் முதல் நாள். “என் கையாலதான் பிள்ளையைக் கோயிலுக்குள்ள தூக்கிட்டுப் போகணும். சிகரெட்டை ஒரேயடியா விட என்னால ஆகாது. இதுக்காவது மாறிப் பாக்குறேன்.”

அந்த ஞானஸ்நானம்தான் நாளைக்கு.

லோராபெல் கண்ணாடி அலமாரியைத் திறந்து தான் செய்த பெட்டி ஒன்றை எடுத்து நீட்டினாள். “இந்தாங்க. காசு வேணாம். நாளைக்கு ஒருநாள் மானத்தைக் காப்பாத்தட்டும்.”

“வேணாம்மா. நான் செஞ்சதுதான் எனக்கு வேணும்.”

“பிடிவாதம் பிடிக்கிற நேரமாண்ணே இது? உங்க மக பிள்ளையைக் குடுக்க மாட்டாங்க!”

“வீட்ல வச்சு இன்னொரு தடவை சுத்திப் பாக்குறேனே” என்று பெட்டியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, திட்டு வாங்கிய சுவடே இல்லாமல் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் மணி கேட்டபோது அவளுக்கு அவர் நினைப்புதான். பாவம், ஏதாவது தூணோரம் தனியாக நின்றுகொண்டிருப்பார். தனக்குத்தான் சரியாகச் சொல்லிக்கொடுக்கத் தெரியவில்லையோ என்றுகூடத் தோன்றியது.

மறுநாள் காலை கனமான பாத்திரத்தோடு ஒரு பெண்மணி படியேறி வந்தார்.

“டீச்சரம்மா நீங்கதானே? நான் சாந்தோ வீட்டுக்காரி, பெர்பெத்துவா. விருந்துப் பன்றி வறுவல், தோல் மொறுமொறுன்னு இருக்கும்போதே சாப்பிட்டுருங்க.”

“அக்கா, மன்னிச்சிருங்க” என்று எழுந்துவிட்டாள் லோராபெல். “எவ்வளவோ சொல்லிக் குடுத்துப் பார்த்தேன். அண்ணனுக்கு ஏறவே இல்ல. பிள்ளையைத் தூக்கவாவது விட்டாங்களா?”

“தூக்கவா? கீழ இறக்கினாத்தானே! அவன் இவரு சட்டையை நனைச்சுட்டு, இவரு தோள்லயே தூங்கிட்டான். என் மக மோந்து மோந்து பாக்குறா, பவுடர் வாசனைதான் வருது.”

“அப்போ சிகரெட்டு?”

“ஏழு வாரமாச்சு, தொட்டே. சனிக்கிழமை உங்ககிட்ட திட்டு வாங்கிட்டு வருவாரு. வாரம் பூரா அந்தக் கம்பியைச் சுத்துறதும் பிரிக்கிறதுமா உக்காந்திருப்பாரு. ரெண்டு கையும் வேலையா இருந்தா வாய் எதையும் கேக்க மாட்டேங்குதாம்.”

லோராபெல் கடகடவென்று சிரித்துவிட்டாள். “நல்லவேளைக்கா, அண்ணனுக்கு இந்த வேலை வராம போச்சு!”

“வராம போச்சா?” பெர்பெத்துவா அவளை ஒரு மாதிரி பார்த்தார். “முப்பத்தஞ்சு வருஷமா கப்பல் கட்டுற இடத்துல ஹெட் எலக்ட்ரீஷியன்மா அவரு. பெட்டியை முடிச்சுட்டா அதை ஊதித் தொலைக்கணுமேன்னு, அடுத்து என்ன தப்பு பண்ணலாம்னு யோசிக்கிறதுதான் அவருக்குப் பெரும்பாடு... ஆங், மறந்தே போயிட்டேன், வாசல் சுவிட்ச் இன்னும் பொறி தட்டுதான்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு.”