வலியில்லாத முழங்கால்

“தம்பி, அந்தம்மா உள்ளே போய் நாற்பது நிமிஷம் ஆகுது!”

சுப்பிரமணியன் டவுன்ஷிப் ஆஸ்பத்திரி பெஞ்சிலிருந்து மூன்றாவது முறையாக எழுந்தார்.

“இதோ முடிஞ்சுடும் சார்” என்றார் உள்ளிருந்து பிசியோதெரபிஸ்ட் சசிகுமார்.

முப்பத்துநாலு வருஷம் அனல்மின் நிலையத்தில் கரண்ட் தயாரித்தவர் சுப்பிரமணியன். அதில் ஒரு துளி தன் முழங்காலுக்குத் திரும்பி வருவதுதான் நியாயம் என்பது அவர் கட்சி. காலில் பட்டை ஒட்டிக் கரண்ட் வைத்தால் வலி அடங்கும். அதற்குப் பிறகு செய்யச் சொல்லும் பயிற்சியை அவர் மதிப்பதில்லை.

உள்ளே இருந்த ராஜாம்பாள் நேர் எதிர். கரண்டே வேண்டாம் என்பார். பயிற்சியைப் பற்றிக் கேட்டே உயிரை எடுப்பார்.

“நாற்காலியில உட்கார்ந்து எழறப்போ கையை ஊனலாமா? நாள் முழுக்க நின்னு வேலை செய்யறவங்க எத்தனை தடவை செய்யணும்? உடம்பு கனமா இருந்தா?”

ராஜாம்பாளோ ஒல்லிக்குச்சி. சுப்பிரமணியன் உள்ளேயே போய்விட்டார்.

“இவங்க பதினாறாம் பிளாக்கிலேர்ந்து சைக்கிள் மிதிச்சு வர்றாங்க. படியில ரெண்டு ரெண்டா ஏறுறாங்க. வலிக்கிறவன் வெளியே கிடக்கணுமா?”

சசிகுமார் சங்கடத்துடன் திரும்பினார். “உங்களுக்கு நிஜமா வலி இருக்காம்மா?”

“எனக்கு இல்லைப்பா.”

“கேட்டீங்களா! கம்பெனி மெடிக்கல் கார்டு இருந்தா பொழுதுபோக்க வர்றதா?”

ராஜாம்பாள் எழுந்து வெளியே போய்விட்டார். பட்டியலில் அவர் பெயர் அடிக்கப்பட்டது. சுப்பிரமணியனுக்கு அன்று கரண்டும் நீதியும் சேர்ந்து கிடைத்தன.

மறுநாள் காலை, அவர் வீட்டுத் தெருவைப் பெருக்கும் கான்ட்ராக்ட் தொழிலாளி அம்சவல்லி விறுவிறுவென்று வந்தாள்.

“என்ன அம்சவல்லி, காலைத் தாங்கித் தாங்கி நடப்பியே! எங்கே கரண்ட் வச்சே?”

“கான்ட்ராக்ட் ஆளுங்களுக்கு ஏது சார் கார்டு? ராஜாம்பாள் அம்மாதான் ஆஸ்பத்திரியில கத்துகினு வந்து, எங்க பன்னெண்டு பேருக்கும் அவங்க வூட்டுல சொல்லிக் குடுத்தாங்க. வலியில்லாம படி ஏறுறது மட்டும் பாக்கி. நேத்தோட அதுவும் நின்னுபோச்சு.”

“ஏன்... யாரையாவது திட்டினாங்களா?”

“இல்லீங்க. ‘யாரோ பெரியவரு, பாவம், வலியோட காத்துகினு இருந்தாரு, நான் கவனிக்காம போயிட்டேனே’ன்னு அழுதாங்க சார்.”