காற்றில் முந்திரி

“மருந்த நிறுத்துங்க சார்.” நர்ஸ் படிக்கிற பெண் டாக்டரிடம் சொல்லவே கூடாததைப் பிரிசில்லா சொல்லிவிடுகிறாள். முந்திரிக்கு அடித்த பூச்சிமருந்து ஏறி அண்ணாகிராமத்திலிருந்து வந்த அஞ்சம்மாள், படுத்தபடியே காற்றில் முந்திரிக்கொட்டை பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். நாக்கு ஓடாய்க் காய்ந்திருக்கிறது. ஜன்னல் வெயில் நேரே விழுந்தும் விரிந்த கண்மணி சுருங்கவில்லை. “விஷம் மூளைக்கு ஏறிடுச்சி. அட்ரோபின் போடு” என்கிறார் டாக்டர். “விஷம் இல்ல சார். விஷம்னா எச்சில் வழியும், கண்மணி சுருங்கிடும். முறிவுக்குப் போட்ட அட்ரோபின்தான் ஜாஸ்தியாயிடுச்சி.” “உங்க வூட்ல யாரும்மா டாக்டரு?” “யாரும் பள்ளிக்கூடமே போவல சார். நான்தான் படிச்சேன்.” டாக்டர் சிரிக்கிறார். அஞ்சம்மாள் பொறுக்கியதைப் பிரிசில்லாவின் உள்ளங்கையில் வைத்து மூடுகிறாள். மூடிய கையோடு, மறு கையில் மருந்தேற்றிய ஊசியை எடுத்துக்கொண்டு, பிரிசில்லா பெரிய டாக்டரின் அறைக்கு நடக்கிறாள். அந்த ஊசி இந்தக் கட்டிலுக்குத் திரும்பாது.