மூன்றாவது கடையின் ஆவி

கடலோரத்துப் பழைய ஊரில் சாயங்காலமானால் பெலிக்ஸ் சுற்றுலாக்காரர்களைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு மதுக்கடையாக ஏறி இறங்குவான், கண்ணுகளா. கடைக்கு ஒரு ஆவி, ஆவிக்கு ஒரு கதை. அஞ்சலாட்சி சனிக்கிழமைதோறும் அவர்களோடு போவாள். குடிக்க மாட்டாள். கையில் ஒரு சோடாவோடு மூன்றாவது கடைக்காகக் காத்திருப்பாள். அங்கே மூலை நாற்காலியில்தான் அவள் புருஷன் குடித்துக்கொண்டே செத்துப்போனான். பெலிக்ஸுக்கு அவள் யாரென்று தெரியாது. "இந்த நாற்காலி இன்னிக்கும் முனகும் சார். பொண்டாட்டிய ரோசி, ரோசின்னு கூப்பிடும்" என்பான்.

குடித்தனம் நடத்திய காலமெல்லாம் அந்த மனுஷன் அவளை "ஏய்" என்றுதான் கூப்பிட்டான். பெயரைச் சொன்னதே இல்லை.

ஒரு சனிக்கிழமை இரண்டாவது கடை வாசலில் அவள் பெலிக்ஸின் சட்டையைப் பிடித்தாள்.

"தம்பி, அவ பேரு ரோசி இல்ல. அஞ்சலாட்சி."

"ஆவி வந்து உங்க காதுல சொல்லிச்சாம்மா?"

"இன்னிக்கு மட்டும் அப்படிச் சொல்லேன்."

"ரோசின்னாதாம்மா இவங்க வாயில நுழையும்" என்று சிரித்தான்.

ஆனால் மூன்றாவது கடையில் அவன் குரலைத் தாழ்த்தி, "அஞ்சலாட்சி..." என்று இழுத்தான்.

"வந்துட்டேன்" என்றாள் அவள்.

இதுவும் ஏற்பாடுதான் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. அவள் போய் மூலை நாற்காலிக்கு எதிரில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை, சந்தோஷமும் வரவில்லை. பெலிக்ஸ் எல்லோரையும் நாலாவது கடைக்கு அழைத்தான். அவள் எழுந்திருக்கவில்லை.

"இப்ப நீ கூப்பிடு" என்றாள், காலி நாற்காலியைப் பார்த்து.