நாற்பது நாள் பேரம்

கணவனோடு ஒரு முழு நாள் சேர்ந்திருக்க நிலாச் சுரங்கத்தில் விலை, ஒரு மாதச் சம்பளம். லீவு போட்டால் அவ்வளவு பிடிப்பார்கள். பிரசில்லாவுக்குப் பகல் ஷிப்ட், கணவன் டெல்பினுக்கு இரவு ஷிப்ட். ஒருவர் எழுந்த கட்டிலில்தான் மற்றவர் படுப்பார். இரண்டு வருடம் கழித்துக் குலசேகரப்பட்டினம் ராக்கெட் தளத்தில் இறங்கியதும், இருவரையும் ஒரே குவாரன்டைன் அறையில் விட்டார்கள்.

"மூணு நாள் போதும்மா. அப்புறம் அடுத்த ராக்கெட்டுல வேலைக்குப் போயிரலாம்," என்றார் கண்ணாடிக்கு அந்தப்புறம் நின்ற டாக்டர்.

"என்ன சார், குவாரன்டைன்னா இத்தாலிக்காரன் பாஷையில நாப்பது நாளுல்லா! கப்பல நாப்பது நாள் கரைக்கு விடாம நிறுத்துனதுக்குத்தான் அந்தப் பேரே. பேரு ஒண்ணு, சரக்கு ஒண்ணா?" என்றாள் பிரசில்லா.

"அது அந்தக் காலம். அஞ்சு நாள் தாரேன்."

"கிருமி ஏதும் இருந்துட்டா உங்க தலையிலதான் விடியும், பாத்துக்கிடுங்க."

டெல்பின் சமயம் பார்த்து இருமினான். டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, நாளைக் கூட்டி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கேட்டது நாற்பது, கிடைத்தது இருபத்தொன்று. பாக்கிப் பத்தொன்பதை அடுத்த முறை இறங்கும்போது பேசி வாங்கிக்கொள்ளலாம் என்று பிரசில்லா கண்ணாடியை மறைத்துத் திரையை இழுத்துவிட்டாள்.