பித்தம் என்று எழுதினேன்

சாவு வீட்டு வாசலில் நின்றுகொண்டு நான் கிரேக்கம் படித்துக்கொண்டிருந்தேன்.

பாடம் நடத்தியவர் என் மேலதிகாரி, செல்போனில். காலரா என்பது கிரேக்கச் சொல்லாம். அதன் வேர் பித்தமாம். பித்தம் பொங்கி வாந்தியும் பேதியுமாகப் போவதைத்தான் அந்தக் காலத்து வைத்தியர்கள் அப்படிச் சொன்னார்களாம்.

ஆகவே பித்தம் என்று எழுதினால் பொய்யாகாதாம். படித்தவர் இல்லையா.

செத்துப்போன சென்னம்மாளின் பரிசோதனை முடிவு காலையிலேயே வந்துவிட்டது. காலராதான். அப்படியே எழுதினால் ஊர்த் தண்ணீர்த் தொட்டியை மூட வேண்டும். அடுத்த வாரம் கொல்லிமலையில் நடக்கிற ஆடி விழா நின்றுபோகும். எனக்கோ மலையை விட்டு இறங்க மாறுதல் கேட்டு அவர் மேசையில் ஒரு மனு கிடக்கிறது.

எழுதினேன். பித்த வாந்தி. கீழே என் கையெழுத்து: பிலிப், சுகாதார ஆய்வாளர்.

சென்னம்மாளின் புருஷன் மாதேஸ்வரன் அருகில் வந்தார். பரவுகிற நோயா என்று மட்டும் சொல்லிவிடச் சொன்னார். பேதி கண்ட ஊரின் பாதையில் முள்ளை வெட்டிப் போட்டுவிடுவது இவர்கள் வழக்கம். பெற்ற தாயே வந்தாலும் தாண்ட மாட்டாள். சந்தேகத்தில் நேற்றே போட்டிருந்தார்கள்.

வெறும் பித்தம்தான், பயப்பட ஒன்றுமில்லை என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. முள்ளை எடுக்க ஆள் அனுப்பிவிட்டு, எனக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

வாங்கினேன். குடிக்காமல் பக்கத்துக் கல்லின்மேல் வைத்தேன்.

முள்ளுக்கு அந்தப் பக்கம் காத்துக் கிடந்த சொந்தங்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் வந்தவள் பாவாயி, சென்னம்மாளின் அக்கா. ஏற்றத்தில் ஓடி வந்திருக்கிறாள். அழக்கூடத் தொண்டையில் ஈரமில்லை. கல்லின்மேல் இருந்த சொம்பை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனாள்.

தட்டிவிட்டேன்.

சொம்பு உருண்டு போய், பாடை கட்ட வெட்டி வைத்திருந்த மூங்கிலில் முட்டி நின்றது. பாவாயி என்னையே பார்த்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

மாதேஸ்வரன் போய் அந்தச் சொம்பை எடுத்து வந்தார். குரலில் கோபமே இல்லை.

"ஏனுங்க சார், பித்தம் தண்ணியிலயும் இருக்குமுங்களா?"